யோசேப்பு வளவுக் குதிரையும் ஒரு தகர வாளியும்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். போகாதீர்கள் என்பது என் மனைவியின் சொல். போய்வந்தால் எனக்கு இரண்டு நாளைக்கு நெஞ்செரிவு வரும். நான் நட்ட நான்கு வேம்பில் ஒன்றைத் தறித்துவிட்டார்கள். முற்றத்துக் குழாய் ஒழுகுகிறது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என்னைச் சமாதானப்படுத்துவதற்காக இளம் கால்நடை வைத்தியர் ஒருவர் தன் கைத்தொலைபேசியில் ஒரு காணொளி காட்டினார். ஒரு குதிரை ஊசி மயக்கத்தில் நின்றபடியே தூங்குகிறது. ஒருவர் மின்கலத்தில் இயங்கும் கருவியை அதன் குளம்பில் வைத்துத் தேய்க்கிறார். என் தேநீர் ஆறுவதற்குள் நான்கு கால்களும் முடிந்துவிட்டன.

“ஐயா, நீங்கள் நெடுந்தீவிலை இருக்கேக்கை உதை எப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கேட்டார்.

“கதிரை போட்டு வேலி ஏறி,” என்றேன்.

அங்கிருந்த ஐந்து பேரில் நான்கு பேர் சிரித்தார்கள். ஐந்தாமவர் காதில் ஏதோ செருகியிருந்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துவிட்டார்கள். என் முழுச் சேவைக்காலத்தில் நான் அலுவலகத்தில் பகிடி விட்டது இரண்டே தடவை. இரண்டுக்கும் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்தவன். சொந்த ஊர் வேலணை. மலைநாட்டில் பயிற்சி: குளிர், அட்டைக்கடி, மாடு, ஆடு, கோழி. குதிரைக்கு எங்கள் பாடக்குறிப்பில் ஒரு பக்கம் இருந்தது. அதிலும் பாதி படம். எங்கள் விரிவுரையாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “இது உங்களுக்குத் தேவைப்படாது” என்றார். வகுப்பில் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேருக்கு அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. என்னை நெடுந்தீவுக்குப் போட்டார்கள்.

நெடுந்தீவின் தெற்கு வெளியில் குதிரைகள் தம்பாட்டில் மேய்கின்றன. பறங்கியர் காலத்தில் கப்பலில் வந்தவற்றின் வாரிசுகள். அவற்றுக்கு வைத்தியரும் வேண்டாம், போதனாசிரியரும் வேண்டாம். தீவு முழுவதும் கரடுமுரடான முருகைக்கல் தரை. அதில் நடக்க நடக்கக் குளம்பு தானாகவே தேய்ந்து ஒழுங்காகிவிடும். அதனால் நான் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டும் கோழிக்குஞ்சு எண்ணிக் கொடுத்துக்கொண்டும் நிம்மதியாக இருந்தேன். நிம்மதி என்பது எனக்குப் பழக்கமில்லாத சொல். வேறு சொல் கிடைக்காததால் எழுதுகிறேன்.

சமாதானம் என்று சொல்லிப் பாதைகள் திறந்த காலம். ஒரு நாள் காலை திரேசக்கா அலுவலக வாசலில் வந்து நின்றார். கடற்தொழில் குடும்பத்துப் பெண். கணவர் இறந்தபின் தனியாக இருந்தவர். இடம்பெயராமல் தீவிலேயே நின்றுவிட்ட சிலரில் ஒருவர்.

“தம்பி, நீர் நகம் வெட்டுவீரோ?”

“ஆருக்கு அக்கா?”

“குதிரைக்கு.”

“குதிரைக்கு ஆரும் நகம் வெட்டுறேல்லை அக்கா. அது தானாத் தேயும்.”

“தேயுமெண்டால் நான் ஏன் உம்மட்டை வாறன்? சைக்கிளை எடும். என்னையும் ஏத்தும். வரேக்கை நடந்து வந்திட்டன், திரும்பியும் நடக்க என்னாலை ஏலாது.”

திரேசக்காவின் பக்கத்து வீட்டு வளவு யோசேப்பு என்பவருடையது. சாந்து இல்லாமல் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய கல்வேலி, நெஞ்சளவு உயரத்தில் வளவைச் சுற்றி நின்றது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பெட்டைக் குதிரை நின்றது. மண்ணிறம், நெடுந்தீவில் பாதிக்கு மேல் அந்த நிறம்தான். அதன் கால்களைப் பார்த்தேன். பார்த்தபின் மேலே பார்க்கவே மறந்துவிட்டேன். நாட்டுக்கூத்தில் ராசாவாக வருபவர் நுனி மேலே சுருண்ட சப்பாத்துப் போட்டிருப்பாரே, அந்த மாதிரி நான்கு குளம்புகள். அது குதிக்காலை ஊன்றி, நுனியைத் தூக்கி, மேடையில் முதல் வரவு வரும் ராசாவைப் போலவே நடந்தது. பாட்டெடுத்துக் கொடுக்கும் அண்ணாவியார் மட்டும்தான் இல்லை.

“உது எப்பிடி உள்ளை வந்தது?”

“யோசேப்பு விட்டிட்டுப் போனது.”

யோசேப்பு குடும்பத்தோடு தீவை விட்டுப் போனது தொண்ணூற்றாறில். பிறகு கனடாவுக்குப் போய்விட்டார். போகிற அன்று வளவின் கடப்பை, அதாவது வேலியில் ஆள் புகும் இடைவெளியை, கல் அடுக்கி அடைத்துவிட்டுத் திரேசக்காவிடம், “நான் வருமட்டும் ஒருத்தரையும் திறக்க விடாதையுங்கோ அக்கா” என்று சொல்லியிருக்கிறார். திரேசக்கா, “ஓம்” என்றிருக்கிறார். பின்னேரம் பார்த்தால் உள்ளே ஒரு குதிரைக்குட்டி நிற்கிறது.

வீட்டுக்காரர் அடைத்த கடப்பை வீட்டுக்காரர்தான் திறக்கவேண்டும். இது நெடுந்தீவில் எங்கேயும் எழுதப்படாத சட்டம். ஆகவே ஒருவரும் மீறுவதில்லை. திரேசக்கா அன்றிலிருந்து வேலிக்கு மேலாலேயே புல்லும் தவிட்டுக்கஞ்சியும் பனம்பழமும் கொடுத்து அந்தக் குட்டியை வளர்த்திருக்கிறார். தண்ணீரைக் கூட நீளக் கம்பில் வாளி கொளுவி இறக்குவார்.

இதில் இன்னொரு வில்லங்கம். நெடுந்தீவு முழுவதும் கல் என்றேன். யோசேப்பின் வளவு மட்டும் கல் இல்லை. அவர் கத்தரித் தோட்டம் போடுவதற்காக வேலணையிலிருந்து வள்ளம் வள்ளமாகச் செம்மண் இறக்கியிருந்தார். அந்தத் தீவிலேயே குளம்பு தேயாத ஒரே நிலத்தில் குட்டி அகப்பட்டுவிட்டது.

நான் அடுத்த படகில் ஊர்காவற்றுறைக்குப் போய் எங்கள் வைத்தியர் டொக்டர் சபாநாதனிடம் சொன்னேன்.

டொக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மிருகங்களையும் ‘நீர்’ என்றுதான் சொல்லுவார். “நீர் கொஞ்சம் அசையாமல் நில்லும்” என்று மாட்டிடம் சொல்லிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். எந்த மிருகத்தைத் தொடுவதற்கு முன்னும் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தருவார். வலது கைச்சட்டையை நான்கு மடிப்பு, இடது கைச்சட்டையை மூன்று மடிப்பு மடிப்பார். ஏன் ஒன்று குறைகிறது என்று கேட்க எனக்குப் பல வருடம் துணிவு வரவில்லை. எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரே பதில் உண்டு: “பாப்பம்.” மாடு பிழைக்குமா? பாப்பம். சம்பள உயர்வு வருமா? பாப்பம். அந்தச் சொல் என் வயிற்றில் அமிலம் சுரக்கவைக்கும். எனக்கு ஓம் வேண்டும், அல்லது இல்லை வேண்டும்.

“டொக்டர், குதிரையின்ரை கால் உங்களுக்குத் தெரியுமோ?”

“குதிரையின்ரை காலை மரத்திலை செய்து வைச்சிருந்தவங்கள், அதைப் படிச்சனான். மேலை குதிரை இருக்கேல்லை.”

“அப்ப இதைச் செய்யலாமோ?”

“பாப்பம்.”

அவருடைய யோசனைப்படி, வேலணையில் வண்டில் மாடுகளுக்கு லாடன் அடிக்கும் செல்லத்துரை அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனோம். குறிகாட்டுவான் இறங்குதுறையில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் எங்கள் பையைத் திறந்தார். குறடு, அரம், வளைகத்தி, சுத்தியல், கயிறு, லாடன், ஆணி. இதெல்லாம் எதற்கு என்று சைகையில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், குதிரைக்கு நகம் வெட்ட என்றேன். அவர் முதலில் என் கை விரல்களைப் பார்த்தார். பிறகு டொக்டரின் விரல்களைப் பார்த்தார். பிறகு இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார். சிரித்துக் களைத்தபின் விட்டார்கள். ஆணிகளை மட்டும் நான் எண்ணித்தான் திரும்ப வாங்கினேன்.

யோசேப்பு வளவைச் சுற்றி வேலியில் பதினேழு பேர் ஏறி இருந்தார்கள். கடப்பைத் திறக்கலாமா என்று டொக்டர் கேட்டார்.

“திறக்கேலாது டொக்டர்,” என்றார் திரேசக்கா. “ஆனால் மேலாலை ஏறிப் போகலாம். அது குற்றமில்லை.”

“மேலாலை போறது களவு மாதிரி இருக்காதோ, அம்மா?”

“நான் பாத்துக்கொண்டு நிக்கேக்கை போனால் என்னெண்டு களவு?”

திரேசக்கா வேலிக்கு இந்தப்பக்கம் ஏற ஒரு கதிரை போட்டு, அந்தப்பக்கம் இறங்க ஒரு கதிரை இறக்கினார். டொக்டர் கடிகாரத்தைத் தந்தார், நான்கு மடிப்பு, மூன்று மடிப்பு, ஏறினார். வேலிக்கு மேல் நிற்கும்போதே குதிரையைப் பார்த்து, “நாங்கள் உள்ளை வாறம், குறை நினையாதையும்” என்றார்.

எங்களோடு உள்ளே இறங்கிய செல்லத்துரை அண்ணை நேரே குதிரையின் பின்பக்கத்துக்குப் போய்க் குந்தினார்.

“அண்ணை, பின்னாலை போகாதையுங்கோ!” என்றேன்.

“தம்பி, நான் முப்பது வருசமாய் மாட்டுக்குப் பின்னாலை இருக்கிறன். உதைக்கிற மிருகம் பக்கத்தாலைதான் உதைக்கும். நேர் பின்னாலை இருந்தால் ஒண்டும் செய்யாது.”

மாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழு உண்மை. குதிரைக்கு இந்த விதி தெரிந்திருக்கவில்லை. நல்ல காலம், அவர் மடியில் குளம்பு ஊறவைக்க உப்புத்தண்ணீர் நிரப்பிய தகர வாளி இருந்தது. உதை வாளியில் பட்டது. வாளி ஒரு பக்கம் போனது, செல்லத்துரை அண்ணை மறுபக்கம் போய் யோசேப்பின் பழைய எருக்கும்பியில் இருந்தார். வேலியில் இருந்தவர்களில் ஒருவர் கைதட்டினார்.

“காலிலை வருத்தம் இருக்கிறபடியாத்தான் உங்கடை பல்லு மிச்சம்,” என்றார் டொக்டர்.

செல்லத்துரை அண்ணை எருவைத் தட்டிக்கொண்டே குதிரையின் காலை முதன்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். முகம் மாறியது. “டொக்டர்! இதுக்குக் குளம்பு பிளக்கேல்லை! மற்றப் பாதி எங்கை?”

மாட்டுக்குக் காலுக்கு இரண்டு பாதி. நான்கு காலுக்கு எட்டு லாடன். அவர் அளவு குத்துமதிப்பாக எடுத்து எட்டுப் பாதி லாடன் அடித்துக்கொண்டு வந்திருந்தார். “லாடன் தேவையில்லை அண்ணை, வெட்டினால் போதும்” என்று டொக்டர் சொன்னதும் அவருக்கு வந்த கோபம், உதை வாங்கியபோது கூட வரவில்லை.

இதற்கிடையில் திரேசக்காவுக்கும் கோபம் வந்துவிட்டது. அந்த வாளி அவருடையது. நெளிந்துவிட்டது. விளக்குமாற்றை எடுத்து வேலிக்கு மேலாலே குதிரையின் கழுத்தில் ஓங்கி ஓர் அடி போட்டார். “ஆற்றை வாளியெண்டு நினைச்சனி?” இன்னோர் அடி. குதிரை ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை அவர் பக்கமாகச் சாய்த்து, மேலுதட்டை நீட்டி ஆட்டத் தொடங்கியது. எத்தனையோ வருடம் தேய்க்க ஆளில்லாத பிடரி. அதற்கு அந்த அடி சொறிந்துவிட்ட மாதிரி இருந்திருக்கிறது. திரேசக்கா அடிக்க அடிக்க அது இன்னும் சாய்ந்தது.

“அம்மா, அடியை விட்டிட்டுச் சும்மா தேயுங்கோ,” என்றார் டொக்டர். “நிப்பாட்டிப்போடாதையுங்கோ.”

அன்று முதல் அதுவே எங்கள் மயக்க ஊசி. குதிரை வேலியோரம் நிற்கும். வெளியே திரேசக்கா விளக்குமாற்றால் பிடரியைத் தேய்ப்பார். உள்ளே டொக்டர் குந்தி இருந்து, “உந்தக் காலை ஒருக்காத் தாரும்” என்பார். நான் காலைத் தூக்கி என் முழங்காலில் வைத்துப் பிடிப்பேன். முதலில் வளைகத்தியால் அடிப்பாதத்தின் அழுக்கைச் சுரண்டுவார். நடுவில் இருக்கும் மெத்தையான பகுதி கறுத்து, அழுகி, நாறியது. துரிசு மருந்துக் கரைசலில் பஞ்சைத் தோய்த்து அதன் வெடிப்புக்குள் செருகுவார். பிறகு குறட்டால் நுனியிலிருந்து ஒரு விரல் அகலம் வெட்டுவார், அதற்கு மேல் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும், “மன்னிக்கவேணும்” என்பார். ஒரேயடியாக வெட்டினால் என்ன என்று கேட்டேன். “இவ இவ்வளவு நாளும் சாய்ஞ்சு நிண்டு பழகினவ. ஒரே நாளிலை நிமித்தினால் நரம்பு இழுத்துப்போடும். உம்மை நாளைக்கு ஒருத்தர் கவலைப்படாதையும் எண்டால் உம்மாலை ஏலுமோ?” என்றார். ஏலாதுதான்.

அந்த முதல் நாளில், நான்காவதாக எடுத்த வலது முன்னங்காலில் அவர் கை நின்றது. குளம்பின் முன்புறத்தில் ஒரு வெடிப்பு கீழிருந்து மேலே போயிருந்தது. மயிர் தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல்கடைதான் மிச்சம்.

“இது மேலை போய்ச் சேர்ந்தால் சீழ் வைக்கும். இவ படுத்திடுவா. குதிரை படுத்தால் படுத்ததுதான்.” அவர் யோசேப்பின் செம்மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தார். “மாரி வந்தால் இது சேறு. சேத்துக்குள்ளை நிண்டால் நாங்கள் வெட்டினதுக்கும் அர்த்தமில்லை, மருந்துக்கும் அர்த்தமில்லை. அதுக்கு முதல் இவ வெளியிலை, கல்லிலை நடக்கவேணும்.”

பதினேழு பேரும் கடப்பைப் பார்த்தார்கள். கடப்பில் நெஞ்சளவுக்கு அடுக்கிய கற்கள். ஒரு நாள் இருந்து எண்ணினேன்: இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டு பேர் கைவைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும் வேலை.

நான் கிராம அலுவலரிடம் போனேன். அவரும் நெடுந்தீவு ஆள். “நீங்கள் வேலணை ஆள், உங்களுக்கு விளங்காது. எல்லைச் சண்டை எண்டால் தீர்ப்பன். மற்றவன் அடைச்ச கடப்பிலை நான் கைவைச்சால் என்ரை கடப்பை நாளைக்கு ஆர் மதிப்பான்?” என்றார். பங்குத்தந்தையிடம் போனேன். அவர், வாக்கு வாக்குத்தானே என்று சொல்லிவிட்டு, குதிரைக்காகப் பூசையில் வேண்டிக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு நெஞ்செரிவு கூடியது. மாரிக்கு எத்தனை கிழமை என்று விரலில் எண்ணத் தொடங்கினேன்.

கடைசியில் டொக்டர் யாரையோ பிடித்து யோசேப்பின் கனடாத் தொலைபேசி இலக்கத்தை எடுத்தார். திரேசக்காவைப் படகிலும் பஸ்ஸிலும் ஊர்காவற்றுறைக்குக் கூட்டிவந்து, தொலைபேசிக் கடையில் இருத்தி, கருவியைக் கையில் கொடுத்தோம். சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

“அக்கா, நான் யோசேப்பு கதைக்கிறன்! எப்பிடி இருக்கிறியள்?”

“உன்ரை குதிரைக்குக் காலிலை வருத்தம்.”

“என்ன குதிரை?”

“நீ விட்டிட்டுப் போன குதிரை.”

“என்னட்டை ஒரு ஆட்டுக்குட்டியும் இருக்கேல்லை அக்கா! எங்கையோ வெளிக் குதிரைக்குட்டி வீட்டுக்குப் பின்னாலை படுத்துக் கிடந்திருக்கும், நான் பாராமல் அடைச்சிருப்பன். கடப்பைப் பிரிச்சுத் துரத்தி விடுங்கோ!”

நானும் டொக்டரும் எழுந்தே விட்டோம். திரேசக்கா அசையவில்லை.

“நீ ஆர்?”

“யோசேப்பு, அக்கா.”

“யோசேப்பு உப்பிடி மூக்காலை கதைக்கிறவனில்லை.”

“இஞ்சை குளிர் அக்கா, தடிமன் பிடிச்சிருக்கு!”

“அப்ப சொல்லு, என்ரை நீலச் சட்டையைத் திண்ட ஆடு என்ன நிறம்?”

கனடா ஒருமுறை இருமியது. “...வெள்ளையோ அக்கா?”

திரேசக்கா கருவியைக் கீழே வைத்தார். “கறுப்பு,” என்று எங்களிடம் சொன்னார். “வாக்கு முகத்தைப் பாத்துக் குடுத்தது. கம்பிக்குள்ளாலை ஒருத்தன் கேட்டு நான் திருப்பிக் குடுக்கேலாது.” அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடும் வழியெல்லாம் டொக்டர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போதுதான் ஒரு கேள்வி கேட்டார்.

“அம்மா, வீட்டுக்காரர் ஆரெண்டாலும் கடப்பைத் திறக்கலாமோ? யோசேப்புத்தான் வரவேணுமோ?”

“அந்த வளவிலை குடியிருக்கிற ஆரெண்டாலும் திறக்கலாம். ஆர் இருக்கினம் இப்ப?”

“பாப்பம்,” என்றார் டொக்டர்.

குதிரையைக் கல்லுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் கல்லைக் குதிரைக்குக் கொண்டுவருவோம் என்று சொன்னது நான்தான். இதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். யோசேப்பு வள்ளத்தில் ஏற்றிய மண்ணில் கல் கொட்டுவதற்குத் திரேசக்கா முதலில் சம்மதிக்கவில்லை. கிணற்றடியிலிருந்து கடப்பு வரை ஒரு பாதை மட்டும் என்று பேசி முடித்தோம். வேலியில் இருந்து வேடிக்கை பார்த்தவர்களையே வரிசையில் நிறுத்தி, கடகம் கடகமாக முருகைக்கல் உடைசலைக் கை மாற்றி உள்ளே இறக்கினோம். கஞ்சியைப் பாதையின் ஒரு முனையிலும் தண்ணீரை மறுமுனையிலும் வைத்தோம். குதிரைக்கு வேறு வழி இல்லை, நடந்தது. முதல் கிழமை மூன்று எட்டுக்கு ஒருமுறை நின்றது. பிறகு நிற்பது குறைந்தது.

டொக்டர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து ஒரு விரல் அகலம் வெட்டினார். சுருண்ட சப்பாத்து, சாதாரணச் சப்பாத்தாகி, பிறகு செருப்பாகி, குளம்பு மாதிரி வரத் தொடங்கியது. வெடிப்பு மேலே போகாமல் நின்றுவிட்டது. ஆனால் டொக்டர் முன்னேற்றத்தை அளந்தது காலைப் பார்த்து அல்ல. உப்புத்தண்ணீர் புண்ணில் எரிந்ததோ என்னவோ, அந்தத் தகர வாளியைக் குதிரைக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பின்னால் வைத்தால் ஒரே உதை. டொக்டர் வரும்போதெல்லாம் என்னிடம் முதலில் கேட்பது, “வாளி எவ்வளவு தூரம் போச்சுது?” நான் அடியால் அளந்து சொல்லுவேன். எட்டு. பதினொன்று. பத்தொன்பது. பத்தொன்பது என்றபோது அவர் முதல்முறையாகச் சிரித்தார். வாளியை எடுத்துவருவது செல்லத்துரை அண்ணையின் வேலை. லாடன் அடிக்க வந்தவனை வாளி பொறுக்க வைத்துவிட்டார்கள் என்று படகால் இறங்கும்போதே புறுபுறுப்பார். ஆனால் ஒரு தடவையும் வராமல் விட்டதில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். டொக்டர் ஒவ்வொரு தடவையும் வாளியை வைக்கும் இடம் மாறியது. முதலில் கிணற்றடி. பிறகு பாதையின் நடு. பிறகு கடப்புக்குப் பத்தடி. நான் காரணம் கேட்டேன். பதில் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

வானம் கறுத்து, வாடைக்காற்று தொடங்கிய ஒரு நாள். அன்றைக்குப் படகு ஓடுமா என்ற கவலையிலேயே எனக்கு இரண்டு தரம் வாந்தி. டொக்டர் நான்கு காலையும் பார்த்து முடித்து, கைகழுவி, கடிகாரத்தை வாங்காமல், வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கடப்பின் அடியில், கல்லோடு கல்லாக வைத்தார். குதிரையின் கழுத்தைத் தட்டி, “இனி உம்முடைய விருப்பம்” என்றார்.

குதிரை வாளியைப் பார்த்தது. அவசரப்படாமல் திரும்பி, பின்பக்கத்தைக் கடப்புக்குக் காட்டி நின்றது.

முதல் உதையில் வாளி தட்டையாகிக் கல்லில் ஒட்டியது. இரண்டாவது உதையில் மேல்வரிசை வெளியே விழுந்தது. அதற்குப் பிறகு அது வாளிக்காக உதைக்கவில்லை. இத்தனை வருடக் கணக்கை ஒன்றாகத் தீர்ப்பதுபோல இரண்டு காலையும் சேர்த்துப் போட்டது. கற்கள் பொலபொலவென்று சரிந்தன. திரும்பியது. சரிந்த கல்லின் மேல் ஒரு முன்னங்காலை வைத்தது. அது வலது கால். மற்றக் காலை வைத்தது. ஒழுங்கையில் இறங்கி நின்று உடம்பை ஒருமுறை உதறியது.

எல்லோரும் திரேசக்காவைப் பார்த்தார்கள். அவர் கையில் விளக்குமாறு அந்தரத்தில் நின்றது.

“நான் திறக்கேல்லை,” என்றார்.

“இல்லை,” என்றார் டொக்டர்.

“நீங்களும் திறக்கேல்லை.”

“இல்லை.”

“அவள்தான் திறந்தவள்.” திரேசக்கா விளக்குமாற்றைக் கீழே இறக்கினார். “அவள் அந்த வளவாள்தானே. இவ்வளவு வருசமும் அங்கை இருந்தது அவள் ஒருத்திதான். வீட்டுக்காரி திறந்தால் நான் என்னெண்டு மறிக்கிறது?”

குதிரை தெற்குப் பக்கம் நடந்தது. பிறகு ஓடியது. கல்லில் அது ஓடும் குளம்புச் சத்தத்தை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். திரேசக்கா அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மறைந்ததும் சேலையை இடுப்பில் செருகி, விழுந்த கற்களை எடுத்துக் கடப்பைத் திரும்ப அடைக்கத் தொடங்கினார். யோசேப்புக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறதல்லவா. செல்லத்துரை அண்ணை கல் எடுத்துக் கொடுத்தார். அடுக்கி முடித்தபின் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒன்றும் குறையவில்லை.

மறுநாள் மாரி தொடங்கியது.

அந்த மாரி முழுவதும் எனக்கு நித்திரை இல்லை. வெடிப்பு திரும்ப மேலே போயிருக்குமா? வெளிக்குதிரைகள் அதைச் சேர்த்துக்கொண்டனவா? திரேசக்காவும் என்னைக் கண்ட இடமெல்லாம் மறிப்பார். “தம்பி, யோசேப்பு வந்து குதிரை எங்கையெண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?” யோசேப்புக்குக் குதிரையே இல்லை என்பதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

தை பிறந்து நிலம் காய்ந்ததும் டொக்டரும் செல்லத்துரை அண்ணையும் வந்தார்கள். மூவருமாகத் தெற்கு வெளிக்குப் போனோம். குதிரைகள் நீர்க்குட்டை ஒன்றைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. எண்ணினேன்: நாற்பத்தொன்று. அதில் மண்ணிறப் பெட்டைகள் பதினாறு.

“டொக்டர், எங்கடை எது?”

அவர் பதினாறையும் பார்த்தார். நான் பதினாறையும் பார்த்தேன். எல்லாவற்றின் காலும் ஒரே மாதிரி, கட்டையாக, வட்டமாக, ஒழுங்காக இருந்தன. அந்தக் குதிரையின் நான்கு குளம்பும் எனக்கு என் உள்ளங்கை மாதிரித் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு படமாகக் கீறுவேன். முகத்தை நான் ஒருநாளும் கவனித்துப் பார்த்திருக்கவில்லை.

“நீங்களும் பாக்கேல்லையோ?”

“நான் படிச்சது கால் மட்டும்தானே,” என்றார் டொக்டர்.

செல்லத்துரை அண்ணை தோளில் தொங்கிய உரப்பையைக் கீழே வைத்தார். உள்ளிருந்து வாளியை எடுத்தார். தட்டையாகிக் கிடந்ததைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி ஒருவாறு வட்டமாக்கியிருந்தார். “உங்கடை படிப்பை நம்பி நான் வரேல்லை,” என்றார். ஆனால் கொண்டுபோய் வைக்க அவர் தயாரில்லை. நான்தான் போனேன். குதிரைகளுக்கு நடுவில் ஒரு கல்லில் வாளியை வைத்தேன். தகரம் கல்லில் பட்டுக் கணீர் என்றது. நாற்பது குதிரைகள் தலையைத் தூக்கிவிட்டு விலகி நடந்தன.

ஒன்று விலகவில்லை. நின்ற இடத்தில் நின்று காதை நிமிர்த்தியது. பிறகு வாளியை நோக்கி வந்தது. நான்கு காலும் சீராக விழ, நொண்டல் துளியும் இல்லாமல் வந்தது. மூக்கை வாளிக்குக் கிட்ட வைத்து மணந்தது. அவசரப்படாமல் திரும்பியது.

“தம்பி, ஓடும்!” என்று செல்லத்துரை அண்ணை கத்தினார்.

ஓடினேன். தலைக்கு மேலாலே ஏதோ வெயிலில் பளபளத்துக்கொண்டு போனது. அது தொலைவில் நாயுருவிப் பற்றைகளுக்கு அப்பால் விழுந்து, இன்னும் ஒருமுறை துள்ளி, கண்ணுக்குத் தெரியாமல் போனது. குதிரை உடம்பை உதறிவிட்டு மற்றவற்றோடு போய்ச் சேர்ந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினேன். டொக்டர் கைச்சட்டை மடிப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

வாளி விழுந்த பக்கத்தைப் பார்த்தேன். அளக்க அங்கே வாளியே தெரியவில்லை.

“பாப்பம், டொக்டர்,” என்றேன்.